கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது யார்? - ஒரு விண்ணப்பப் படிவத்தின் கதை

சந்தையில் வாடிக்கையாளர்தான் ராஜா. வணிகவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடி வருவார், விளம்பரம் செய்வார், தள்ளுபடி தருவார். ஆனால் இந்தப் பாடத்துக்கு அடங்காத ஒரு கடை இருக்கிறது. காசு கட்டத் தயாராக நிற்பவரிடம் "நீ யார்? உன் அப்பா எங்கே படித்தார்? நீ எப்படிப்பட்டவன்?" என்றெல்லாம் கேட்டுவிட்டு, வந்தவர்களில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் கடை. எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறதோ அந்த அளவுக்கு அதன் மதிப்பு ஏறும்! அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களைத்தான் சொல்கிறேன்.

அங்கே பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் ஒரு மாணவர் செய்யும் வேலைகளைப் பாருங்கள். விடுமுறையில் அப்பா அம்மாவோடு காரில் ஏறி ஊர் ஊராகப் போய்க் கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வளாகத்தில் ஒரு சீனியர் மாணவர் பின்பக்கமாகவே நடந்துகொண்டு நூலகத்தையும் விடுதியையும் காட்டிக் கதை சொல்வார். (ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள்.) அப்புறம் விண்ணப்பம். மதிப்பெண், தேர்வு முடிவு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், விளையாட்டு, சமூக சேவை, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை, சில இடங்களில் முன்னாள் மாணவர் ஒருவரோடு நேர்காணல்.

மதிப்பெண் போதாதா? இவ்வளவும் எதற்கு? நம்மூர் ஆள் யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார். பதில் சுமார் நூறு வருடம் பழையது. கேட்க அவ்வளவு இனிமையானதும் இல்லை.

தேறினால் போதும் என்றிருந்த காலம்

ஹார்வர்டு 1636ல் தொடங்கப்பட்டது. அப்போது சேருவதற்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த இருநூறு வருடங்களுக்கும் மேலாக நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு நுழைவுத்தேர்வு வைத்துக்கொண்டது. சாதாரண அரசுப் பள்ளிகளில் கிரேக்கம் சொல்லித்தர ஆள் கிடையாது. அதனால் வசதியான வீட்டுப் பையன்களுக்கான தனியார் பள்ளிகளிலிருந்தே பெரும்பாலும் ஆள் வந்தது. வடிகட்டும் வேலையைப் பாடத்திட்டமே செய்துவிட்டது, வேறு யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

மேற்கே இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம் 1871ல் வேறு வழியில் போனது. பேராசிரியர்கள் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பார்கள். பள்ளி தரமாக இருந்தால் அங்கே படித்து முடித்தவர்களைத் தனித் தேர்வு இல்லாமலேயே சேர்த்துக்கொள்வார்கள். கவனியுங்கள், மாணவர் கல்லூரியைப் பார்க்கப் போகவில்லை, கல்லூரி பள்ளியைப் பார்க்க வந்தது.

கிழக்கே இருந்த பழைய கல்லூரிகள் தேர்வை விடவில்லை. ஆனால் ஆளுக்கொரு தேர்வு என்ற குழப்பம் தலைமையாசிரியர்களைப் பாடாய்ப் படுத்தியது. ஆகவே 1900ல் கல்லூரிகள் சேர்ந்து "காலேஜ் போர்டு" என்ற பொதுத் தேர்வு அமைப்பை உருவாக்கின. 1901 ஜூனில் நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் வெறும் 973 பேர்.

இந்தக் காலம் முழுக்க ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. தேர்வில் தேறினால் இடம் உண்டு. ஓரிரு பாடத்தில் கோட்டை விட்டால்கூட, பிறகு எழுதித் தேறிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். "இத்தனை இடம்தான்" என்ற கணக்கே கிடையாது. ஆகவே "தேர்ந்தெடுப்பது" என்ற வேலையும் கிடையாது.

1922

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பாஸ்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் அரசுப் பள்ளிகளில் படித்து, தேர்வில் தேறி, கல்லூரிக்குள் வரத் தொடங்கினார்கள். 1900ல் ஹார்வர்டின் புதிய மாணவர்களில் சுமார் 7 சதவீதமாக இருந்த யூதர்கள் 1922ல் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். நியூயார்க்கின் கொலம்பியாவில் இது ஒரு கட்டத்தில் 40 சதவீதத்தை எட்டியது.

ஹார்வர்டின் அன்றைய தலைவர் அபட் லாரன்ஸ் லோவெல். யூதர்களின் எண்ணிக்கை கூடினால் பழைய பணக்காரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடும் என்பது அவருடைய கவலை. யூத மாணவர்களுக்கு 15 சதவீதம் என்று ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்று 1922ல் யோசனை சொன்னார். அதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னதுதான் அவருக்கு வினையாயிற்று. பத்திரிகைகளில் வந்தது, எதிர்ப்பு கிளம்பியது. பேராசிரியர்கள் குழு ஒன்று ஆராய்ந்து, 1923ல் அந்த யோசனையை நிராகரித்தது.

நல்ல முடிவுதானே என்று தோன்றும். கதை அங்கே முடியவில்லை.

1922 இலையுதிர் காலத்திலேயே ஹார்வர்டின் விண்ணப்பப் படிவத்தில் புதுக் கேள்விகள் முளைத்திருந்தன. இனம், நிறம் என்ன? மதம் எது? தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன? தந்தை பிறந்த ஊர் எது? நீங்கள் பிறந்த பிறகு உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டிருக்கிறதா? பெயரை மாற்றிக்கொண்டவரையும் கண்டுபிடித்துவிடும் கேள்வி அது. 1926ல் அடுத்த படி. முதல் வருடத்தில் ஆயிரம் பேருக்குமேல் எடுப்பதில்லை என்று முடிவானது. தேர்வு மதிப்பெண்ணோடு "குணநலன்" என்பதற்கும் எடை கொடுக்கப்பட்டது. விண்ணப்பத்தோடு புகைப்படமும் ஒட்ட வேண்டும். ஒதுக்கீடு என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் 1925ல் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்த யூத மாணவர்களின் பங்கு சீக்கிரமே 15 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. லோவெல் முதலில் கேட்ட அதே எண்!

இதில் ஹார்வர்டு தனியாக இல்லை. டார்ட்மத் கல்லூரி 1920களின் தொடக்கத்திலேயே ஒரு தேர்வு முறையை அறிவித்திருந்தது. பள்ளி மதிப்பெண், தலைமையாசிரியரின் கருத்து, முன்னாள் மாணவர்கள் விண்ணப்பதாரரைச் சந்தித்து எழுதும் குறிப்பு எல்லாம் கணக்கில் வரும். முன்னாள் மாணவர்களின் மகன்களுக்கு முன்னுரிமை. தூரத்து மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கும் முன்னுரிமை. யூதக் குடும்பங்கள் சில பெருநகரங்களில் நெருக்கமாக வாழ்ந்த காலத்தில் இந்தத் "தூரத்து மாநில" முன்னுரிமை என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்று ஒரு மாணவர் நிரப்பும் அந்த நீளமான விண்ணப்பத்தின் எலும்புக்கூடு இப்படித்தான் உருவானது. இடத்துக்கு வரம்பு, பரிந்துரை, நேர்காணல், குணநலன், குடும்பப் பின்னணி. கட்டுரை போன்றவை பிற்பாடு சேர்ந்துகொண்டன.

தேர்வுக்கும் ஒரு கதை உண்டு

"அப்படியானால் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதுதான் நியாயம்" என்று உடனே சொல்லத் தோன்றும். அதுவும் அவ்வளவு எளிதில்லை.

புகழ்பெற்ற எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலில் நடந்தது 1926 ஜூன் 23ல். ஹார்வர்டு புகைப்படம் கேட்கத் தொடங்கிய அதே வருடம். சுமார் எட்டாயிரம் பேர் எழுதினார்கள். அதை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகம். முதல் உலகப்போரின்போது ராணுவத்தில் நடந்த அறிவுத்திறன் சோதனைகளில் வேலை செய்தவர். அந்த எண்களை வைத்து, எந்த இனம் புத்திசாலி, எந்த இனம் மட்டம் என்று 1923ல் ஒரு புத்தகமே எழுதினார். 1930ல் அந்த முடிவுகள் ஆதாரமில்லாதவை என்று அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் தேர்வு மட்டும் நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே தேர்வை நேர் எதிரான காரியத்துக்குப் பயன்படுத்தினார் இன்னொருவர். 1933ல் லோவெலுக்குப் பிறகு ஹார்வர்டின் தலைவரான வேதியியலாளர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட். பெயர்பெற்ற தனியார் பள்ளிகளுக்கு வெளியே, எங்கோ நடு அமெரிக்காவின் சிற்றூரில் இருக்கும் ஏழைப் புத்திசாலியைக் கண்டுபிடித்து உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு எஸ்.ஏ.டி. உதவும் என்று எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் அவருடைய உதவியாளர் ஹென்றி சான்சி. 1947ல் இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம் உருவானபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். மேற்படிப்புக்கு அமெரிக்கா போக நம் நண்பர்கள் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வை நடத்துவது இந்த நிறுவனமே.

வாசலில் நின்றவர்கள்

இதுவரை சொன்னது படிவத்தில் நடந்த வடிகட்டல். படிவம் வரைக்கும்கூடப் போக முடியாதவர்களும் இருந்தார்கள்.

மிசௌரி மாநிலத்தில் லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். மாநிலம் சொன்ன பதில் இது: இங்கே இடம் தர மாட்டோம், பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். தன் மாணவரை விரட்டுவதற்குக் காசு செலவு செய்யவும் ஓர் அரசு தயாராக இருந்தது. 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, அவருக்கு மாநிலத்துக்குள்ளேயே சட்டக் கல்வி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மார்ச் மாதம் கெய்ன்ஸ் சிகாகோவில் காணாமல் போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை மர்மம்.

அதே பல்கலைக்கழகத்தில் இதழியல் மேற்படிப்புக்கு 1939ல் விண்ணப்பித்தவர் லூசில் புளூஃபோர்ட். கான்சாஸ் நகரில் பத்திரிகையாளராக இருந்தவர். மதிப்பெண் சான்றிதழ்களைத் தபாலில் பார்த்து இடம் கொடுத்துவிட்டார்கள். பதிவு செய்ய நேரில் போய் நின்றபோதுதான் அவர் கறுப்பினப் பெண் என்பது தெரிந்தது. திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார், வழக்குப் போட்டார். 1941ல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதும் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? அந்த மேற்படிப்பையே மூடிவிட்டது! மாணவர் எண்ணிக்கை குறைவு என்று காரணம் சொன்னார்கள். 1989ல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஐம்பது வருடம்.

மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1954க்குப் பிறகு படிவத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தது. விண்ணப்பிப்பவர் ஐந்து முன்னாள் மாணவர்களிடமிருந்து சான்று வாங்கி வர வேண்டும். பார்க்க எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் எல்லோருமே வெள்ளையர்கள். கறுப்பின மாணவருக்கு அங்கே யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஒன்பது வருடம் விமானப்படையில் இருந்த ஜேம்ஸ் மெரிடித் 1961ல் விண்ணப்பித்தபோது இந்த விதி நீதிமன்றத்துக்குப் போய், பாகுபாடானது என்று தள்ளப்பட்டது. 1962 செப்டம்பர் 30 இரவு அவர் வளாகத்துக்கு வந்ததை எதிர்த்து நடந்த கலவரத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். மறுநாள் மத்திய அரசுக் காவலர்கள் சூழ அவர் பதிவு செய்தார். அவர் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தது இப்படித்தான். 1963ல் பட்டமும் வாங்கினார்.

பெண்களின் கதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். யேலும் பிரின்ஸ்டனும் இளநிலை வகுப்புகளில் பெண்களை எடுக்கத் தொடங்கியது 1969ல். கொலம்பியா கல்லூரி 1983ல்!

அதே கருவி, எதிர்த் திசை

இரண்டாம் உலகப்போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944ல் வந்தது. சுமார் 22 லட்சம் பேர் இதை வைத்துக் கல்லூரிக்குப் போனார்கள். 1947ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் ராணுவத்தினர். (தென்மாநிலக் கறுப்பினப் படைவீரர்களுக்கு இந்தச் சட்டம் இருந்தும் நுழைய முடிந்த கல்லூரிகள் மிகக் குறைவு.) கூட்டம் கூடக்கூடத் தேர்ந்தெடுக்கும் வேலையும் பெருகியது.

1960களுக்குப் பிறகு ஹார்வர்டு போன்ற இடங்கள் பழைய கருவியைத் திருப்பிப் பிடித்தன. மதிப்பெண் மட்டுமல்ல, முழு மனிதரைப் பார்க்கிறோம் என்று சொல்லி, இதுவரை வெளியே நின்ற கறுப்பின மாணவர்களை உள்ளே கொண்டுவரத் தொடங்கின. 1978ல் பேக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு இடம் என்று எண்ணிக்கை வைத்து ஒதுக்கக் கூடாது, ஆனால் இனத்தையும் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்றது. நீதிபதி பவல் நல்ல உதாரணமாகச் சுட்டிக்காட்டியது ஹார்வர்டின் சேர்க்கை முறையை. யூதர்களைக் குறைக்க 1926ல் வளர்த்த முறையின் வாரிசு, அரை நூற்றாண்டு கழித்து நியாயத்தின் மாதிரியாக நீதிமன்றத்தில் நின்றது.

அதுவும் நிலைக்கவில்லை. ஹார்வர்டின் மதிப்பீட்டில் "தனிப்பட்ட குணம்" என்ற ஒரு மதிப்பெண் உண்டு. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு இது சராசரியாகக் குறைவாக விழுகிறது என்று வழக்கு வந்தது. வேண்டுமென்று செய்த பாகுபாடு இல்லை என்று கீழ்நீதிமன்றம் 2019ல் ஹார்வர்டின் பக்கம் நின்றது. 2023 ஜூன் 29ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. "குணநலன்" என்ற அதே பெட்டி, நூறு வருடம் கழித்து, வேறொரு சமூகத்தோடு மறுபடி கூண்டில் ஏறியது.

சந்தை திரும்ப வந்தது

1975ல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஒரே பொது விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தன. 1983ல் ஒரு செய்திப் பத்திரிகை, கல்லூரித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு முதல் தரவரிசையை வெளியிட்டது. யு.எஸ். நியூஸ் பட்டியல் என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எத்தனை சதவீதம் பேரை நிராகரிக்கிறீர்கள் என்பதும் பல வருடம் அதில் ஓர் அளவுகோலாக இருந்தது. 2018ல்தான் அதைக் கைவிட்டார்கள். நிராகரித்தால் மதிப்பு கூடுமென்றால் வியாபாரி என்ன செய்வார்? நிராகரிப்பதற்காகவே நிறையப் பேரை விண்ணப்பிக்கச் சொல்வார். 2022ல் கொலம்பியா கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று அதன் சொந்தக் கணிதப் பேராசிரியரே எழுதினார். இரண்டாம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

வளாகத்தைப் போய்ப் பார்ப்பதும் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. மாணவர் நேரில் வந்து பார்த்தாரா என்பதையே ஆர்வத்துக்கு அடையாளமாகச் சில கல்லூரிகள் குறித்துவைக்கின்றன. விமானச் செலவும் விடுதி வாடகையும் கொடுக்க முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் அதிகம் என்று பொருள் ஆகிறதல்லவா? பொருளாதார ஆய்வாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2012ல் எழுதிய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. நல்ல மதிப்பெண் எடுத்த ஏழை மாணவர்களில் பெரும்பாலோர் பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. உதவித்தொகையால் அங்கே அவர்களுக்குச் செலவு குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல அவர்கள் ஊரில் ஆள் இல்லை.

2019ல் வெளிவந்த ஊழல் எல்லாவற்றுக்கும் மேல். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், பணக்காரப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகச் சித்தரித்துக் கல்லூரிகளில் சேர்த்துவிட்டார். துடுப்பு போடும் பயிற்சி இயந்திரத்தில் உட்கார வைத்து எடுத்த படங்கள்கூட அதில் உண்டு. 1926ல் ஒருவரை வெளியே நிறுத்தக் கேட்ட புகைப்படம், 2010களில் இன்னொருவரை உள்ளே நுழைக்கப் பயன்பட்டது. சிங்கருக்கு 2023ல் மூன்றரை வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நமக்கு என்ன?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்டுரையும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. மதிப்பெண், இடஒதுக்கீடு, தரவரிசை. உங்கள் முறை வரும்போது காலியாக இருப்பதில் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். 2018ல் இணையத்துக்கு மாறும் வரை இதற்காகக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்து, சில நிமிடங்களில் நான்கு வருடத்தை முடிவு செய்தார்கள். கல்லூரியைக் கண்ணால் பார்க்காமலேயே! அமெரிக்க மாணவர் ஐந்தாறு வளாகம் சுற்றுகிறார் என்று கேட்டால் நமக்குப் பொறாமையாக இருக்கும். ஆனால் "உன் அப்பா யார்" என்று கேட்காத ஒரு வரிசையில் நிற்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. இங்கே ஒதுக்கீடு என்பதை ஒதுக்கீடு என்றே எழுதுகிறோம், சதவீதத்தோடு. அதனால்தான் அதைப் பற்றிச் சண்டையாவது போட முடிகிறது. ஹார்வர்டில் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டதால்தான் அது அவ்வளவு காலம் ஓடியது.

இதற்காக மதிப்பெண் பட்டியல் கடவுள் என்று சொல்ல வரவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இருப்பவர் மதிப்பெண்ணிலும் முந்துவார். எந்த முறையையும் அதன் பெயரை வைத்து எடைபோட முடியாது என்பதே நான் புரிந்துகொண்டது. "திறமை", "குணம்", "முழு மனிதர்" எல்லாம் நல்ல சொற்கள்தான். அந்த முறை வருவதற்கு முன்னால் யார் உள்ளே இருந்தார்கள், வந்த பிறகு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும், அது எதற்காக வந்தது என்பது தெரிந்துவிடும். எந்தக் கல்லூரியின் படிவம் கையில் வந்தாலும், கேள்விகளை நிரப்புவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவற்றைப் படித்துப் பாருங்கள். இதற்குப் பதில் எழுத முடியாமல் நிற்பவர் யாராக இருப்பார்?